வேகம் கூடிய ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் பிஸ்டன் பல் உடைந்தபோது

இங்கிலாந்தில் நான் ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு) ஆடும் மின் துப்பாக்கிக்கு 7.4 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போட்டதும் சுடும் வேகம் எகிறியது. கொஞ்ச நாளில் ஆட்டோவில் (விசையை அழுத்தியபடி தொடர்ந்து சுடும் முறையில்) கரகரவென்று சத்தம், அப்புறம் மோட்டார் மட்டும் சுற்றியது, குண்டு வரவில்லை. கியர்பாக்ஸைத் திறந்தால், காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் பிஸ்டனின் பற்கள் மழுங்கிக் கிடந்தன.

காரணம் இதுதான்: செக்டர் கியர் என்ற பாதிப் பல் சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடுகிறது, ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் முழுதாக முன்னால் திரும்புவதற்குள் செக்டர் கியர் அடுத்த சுற்றுக்கு வந்து அதைப் பிடித்துவிடுகிறது. ஸ்பிரிங் தளர்வாகவும் பிஸ்டன் கனமாகவும் இருந்தால் இது சீக்கிரமே நடக்கும்.

உலோகப் பல் வரிசை உள்ள எடை குறைந்த பிஸ்டன் வாங்கினேன். செக்டர் கியரில் பிஸ்டனைக் கடைசியாக விடுவிக்கும் பக்கத்துப் பற்கள் இரண்டை அரைத்து எடுத்தேன். பிஸ்டன் குறைந்த தூரமே பின்னால் போகும், அதனால் திரும்ப நேரம் கிடைக்கும். சக்தி குறையும், ஒரு படி கடினமான ஸ்பிரிங் அதைச் சரிக்கட்டியது. ஸ்பிரிங்கை மாற்றினால் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளக்காமல் களம் இறங்கவே கூடாது: இங்கே சட்டப்படி ஆட்டோவுக்கு 1.3 ஜூல்தான் உச்சம். 0.20 கிராம் குண்டு நொடிக்கு 350 அடி போனால் சுமார் 1.14 ஜூல்.

விசைக்குள் இருக்கும் மின்தொடர்புகள் கருகாமலிருக்க மாஸ்ஃபெட்டும் (மோட்டாரின் மின்சாரத்தைத் தாங்கும் மின்னணு சுவிட்ச்) போட்டேன். ஆட்டத்தில் அதிகம் உதவியது சுடும் வேகம் அல்ல, விசையை அழுத்தியதும் குண்டு கிளம்பும் அந்த உடனடித்தன்மை. இப்போது பெரும்பாலும் ஒற்றைச் சுடலில்தான் ஆடுகிறேன், மேகசினும் சீக்கிரம் காலியாவதில்லை.