ஹைடல்பெர்கில் படிக்க வரும் தம்பி, தங்கைகளுக்கு

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்துவிட்டதா? முதல் வேலையாக அறை தேடுங்கள். விமான டிக்கெட், ஸ்வெட்டர், மசாலாப் பொடி எல்லாம் அப்புறம்.

உயிரியல் முதுகலை படிக்க பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்தவள் நான். படிப்பு முடிந்த பிறகும் இதே ஊரில்தான் இருக்கிறேன். அக்டோபர் வந்தால் ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் போன் செய்வார்கள். பெரும்பாலானவர்கள் கோட்டையையும் பழைய பாலத்தையும் படத்தில் பார்த்து மயங்கிப்போய் வருகிறவர்கள். அந்த அழகு நிஜம்தான். ஆனால் இங்கே குடியேறுவதற்கு வேறு சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தாள், தபால், நேரம் மூன்றிலும் இந்த ஊர் கறார். அதற்குப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அறை

பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டால் விடுதி அறையும் கூடவே வரும் என்று நம் ஊர் வழக்கப்படி நினைத்துவிடாதீர்கள். விடுதிகளை நடத்துவது ஸ்டுடியரண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அங்கே விண்ணப்பித்துவிடுங்கள். ஊரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பல்கலைக்கழக மாணவர்கள் மட்டுமே சுமார் முப்பதாயிரம் பேர். இரண்டு பக்கமும் மலை, நடுவில் நெக்கார் ஆறு. பழைய ஊர் விரிவதற்கு இடமே கிடையாது.

வெளியே அறை தேடினால் விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை ‘கால்ட்’டா ‘வார்ம்’மா என்று பாருங்கள். கால்ட் என்றால் சூடேற்றும் செலவு, தண்ணீர்ச் செலவெல்லாம் தனி. முன்பணமாக அதிகபட்சம் மூன்று மாத கால்ட் வாடகை வரை கேட்கலாம். அறையை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல், ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று ஒருவர் எழுதினால் அது மோசடிதான், சந்தேகமே வேண்டாம்.

ஊருக்குள் கிடைக்கவில்லையா? எப்பெல்ஹைம், டோசன்ஹைம், லைமன், மன்ஹைம் என்று பக்கத்து ஊர்களில் தேடுங்கள். டிராமும் ரயிலும் ஓடுகின்றன. ரோர்பாக், விப்லிங்கன் போன்ற பகுதிகளும் நல்லவை. முதல் வருடம் பழைய ஊருக்குள் அறை கிடைத்தால் குதிக்காமல் யோசியுங்கள் என்பதுதான் என் கருத்து. 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படை இந்த ஊரை எரித்தது. இப்போது பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, பழைய தெரு அமைப்பின் மேலேயே கட்டியவை. குறுகலான மரப்படிகளில் பெட்டியோடு நாலாவது மாடி ஏற வேண்டியிருக்கும். உன்டெரெ ஷ்ட்ராஸ பக்கம் என்றால் வார இறுதியில் மதுக்கடைக் கூட்டம் விடியும்வரை தூங்கவிடாது.

பெயரும் தபால் பெட்டியும்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பிர்கர்அம்ட் என்ற குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் கட்டாயம் வேண்டும், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, வரி எண், தங்கும் அனுமதி என்று மற்ற எல்லாமே இந்தப் பதிவிலிருந்துதான் தொடங்குகிறது.

அப்புறம் தபால் பெட்டி. இங்கே வீட்டு எண்ணோடு கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் வங்கி அட்டை, பின் எண், காப்பீட்டு அட்டை எல்லாமே திரும்பிப் போய்விடும். சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் பெயரைப் பெரிதாக எழுதி பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள்.

நம் பெயர்களால் வரும் சிக்கலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் ஏராளம். இங்குள்ள படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவே விடாது. அதனால் ஒரு அலுவலகத்தில் உங்கள் பெயர், இன்னொன்றில் அப்பா பெயர், மூன்றாவதில் ஒரு கோடு என்று விதவிதமாக ஏறிவிடும். பிறகு இந்த மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியதுதான். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, எது முதல் பெயர், எது குடும்பப்பெயர் என்று முடிவு செய்துவிடுங்கள். விண்ணப்பம், விசா, வங்கி, காப்பீடு, தபால் பெட்டி எல்லாவற்றிலும் அதே வரிசையில், அதே எழுத்தில் எழுதுங்கள்.

விசா குறுகிய காலத்துக்குத்தான் தருவார்கள். அது முடியும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். காத்திருப்பு நீளமாக இருக்கும், வந்த முதல் மாதமே ஆரம்பியுங்கள். அனுப்பிய மின்னஞ்சல், பதில், ரசீது ஒன்றையும் அழிக்காதீர்கள். ஒரு தடித்த கோப்பு வாங்கி எல்லாத் தாளையும் துளையிட்டு அதில் போட்டு வையுங்கள். இங்கே எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும்.

பணம்

விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ போடச் சொல்கிறார்கள். மாதம் 992 யூரோவாக அது உங்கள் கைக்கு வரும். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று ஊரில் சொல்வார்கள். ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வியூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அது நமக்குப் பொருந்தாது. 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அதற்கு மேல் பருவக் கட்டணம் தனி. இதைக் கணக்கில் எடுக்காமல் கடன் வாங்கிவிட்டு இரண்டாம் பருவத்தில் தவிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

வேலை பார்க்கலாம்; வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர முயற்சி செய்யுங்கள், பாடமும் நடக்கும், சம்பளமும் வரும். வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் பங்கு கொடுத்துவிடலாம். அந்தக் கடிதத்தை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

படிப்பு

1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இன்றைய ஜெர்மனியில் மூத்தது. ஒரே வளாகமாக இல்லாமல் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. மொழி, வரலாறு, தத்துவம் எல்லாம் பழைய ஊரில்; பொருளாதாரமும் சமூக அறிவியலும் பெர்க்ஹைமில்; அறிவியலும் மருத்துவமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நோயன்ஹைமர் ஃபெல்டில். அறை தேடும்போது உங்கள் துறை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் பன்சன் விளக்கில் உப்பைக் காட்டி நிறம் பார்த்திருப்பீர்களே, அந்த பன்சன் இங்கேதான் பேராசிரியராக இருந்தார். ஹௌப்ட்ஷ்ட்ராஸ என்ற நீண்ட கடைத்தெருவில் அவர் சிலை நிற்கிறது. பன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் 1859 வாக்கில் நிறமாலைப் பகுப்பாய்வை, அதாவது ஒளியின் நிறங்களைப் பிரித்துப் பார்த்துத் தனிமத்தை அடையாளம் காணும் முறையை, உருவாக்கிய கட்டடம் எதிரிலேயே இருக்கிறது. அறிவியல் படிக்க வருகிறவர்கள் கோட்டைக்கு முன் அங்கே போய் நின்று பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் c.t. என்ற இரண்டெழுத்துக் குறி இருந்தால் வகுப்பு கால் மணி கழித்துத் தொடங்கும். பத்து என்றால் பத்தேகால். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இந்தச் சலுகை எங்கேயும் கிடையாது, மருத்துவரிடம் பத்து என்றால் பத்துதான். விரிவுரை முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் இங்கே கைதட்டல், நீங்களும் தட்டுங்கள்.

மதிப்பெண் தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. தேர்வுக்கு நீங்களே பெயர் பதிய வேண்டும். கெடு தாண்டினால் பேராசிரியர் நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தேர்வை எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உங்கள் படிப்பின் தேர்வு விதிகளை முதல் வாரமே படித்துவிடுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் கற்பதை நிறுத்தாதீர்கள். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் ஜெர்மனில்தான் வரும்.

சாப்பாடு

மதியத்துக்கு மென்ஸா எனும் மாணவர் உணவகம் இருக்கிறது. பழைய ஊரில் ஆற்றோரம் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும் மார்ஷ்டால் ஒரு காலத்தில் ஆயுதக்கிடங்கு. இப்போது அதற்குள் தட்டை நிரப்பி எடை போட்டுக் காசு கொடுத்துச் சாப்பிடலாம். சைவமும் கிடைக்கும். ஆனால் இரவுக்கு நம் சமையல்தான் கைகொடுக்கும்.

பால், இறைச்சிப் பொருள்களை இந்தியாவிலிருந்து எடுத்துவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அம்மா ஆசையாக உருக்கித் தரும் நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஃப்ராங்க்ஃபர்ட் சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. காயவைத்துப் பொடித்து எடுத்துவாருங்கள். நெய்க்குக் கவலை வேண்டாம். எந்தக் கடையிலும் உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியாகக் கிடைக்கும். சின்னத் தீயில் வையுங்கள். முதலில் நுரைத்துப் பொங்கும், பிறகு சடசடவென்று சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் அடங்கி அடியில் கசடு பொன்னிறமாகும்போது இறக்கிவிடுங்கள். இங்குள்ள மின் அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், அதனால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து நகர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் கசடு கருகிவிடும். ஒரு முருங்கையிலை கிடைக்காது என்பது மட்டும்தான் குறை.

தட்டையான அடியுள்ள மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும், அதற்கு உபரியாக இரண்டு காஸ்கெட்டும் பெட்டியில் வையுங்கள். காஸ்கெட் இங்கே கிடைப்பது அரிது. அரிசி, மைசூர்ப் பருப்பு, கொத்தமல்லி, வெண்டைக்காய், கத்தரிக்காய்க்கு மன்ஹைம் சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள துருக்கிக் கடைகளுக்குப் போங்கள். கீரை கட்டு கட்டாக இருக்கும், விலையும் குறைவு.

தாளிக்கும் முன் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை முழுசாகத் திறந்துவிடுங்கள். மிளகாய் கருகினால் புகை எச்சரிக்கை மணி அலறும். குளிர்காலத்திலும் தினமும் இரண்டு, மூன்று தடவை ஐந்து நிமிடம் ஜன்னலை விரியத் திறந்து காற்று மாற்ற வேண்டும். ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடித்தால் முன்பணத்தில் கைவைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மிக்சி போடக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும். சைக்கிள் வாங்கினால் முன்னும் பின்னும் விளக்கு எரிகிறதா பாருங்கள், போலீஸ் நிறுத்திப் பார்ப்பார்கள். பழைய ஊரைக் கடக்க ஹௌப்ட்ஷ்ட்ராஸவுக்கு இணையாக ஓடும் ப்ளக் தெருதான் சைக்கிளுக்கு ஏற்றது. பல்கலைக்கழக நூலகமும் அங்கேதான்.

நவம்பருக்குப் பிறகு

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்புவார்கள். அதன்பின் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிரைச் சட்டைமேல் சட்டை போட்டுச் சமாளித்துவிடலாம், இருட்டுதான் ஆளை அமுக்கும். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். ஆற்றுக்கு வடக்கே மலைச்சரிவில் போகும் தத்துவஞானிகள் பாதையில் வெயில் நன்றாக விழும்.

பெர்க்ஹைமில் ஆசிய ஆய்வுகளுக்கான வளாகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் 1962-ல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் இயங்குகிறது. தமிழும் அங்கே ஒரு பாடம். தமிழ் கற்கும் ஜெர்மானிய மாணவர்களுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டும், உங்களுக்கு ஜெர்மன் பழக ஆள் வேண்டும். போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகவே மனசில்லை என்றால் ‘எல்லாம் நல்லா இருக்கேம்மா’ என்று வீட்டில் சொல்லிவிட்டு அறைக்குள் முடங்காதீர்கள். ஸ்டுடியரண்டன்வெர்க் மாணவர்களுக்காக மனநல ஆலோசனை மையம் நடத்துகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இரவிலோ விடுமுறையிலோ காய்ச்சலென்றால் 116117 என்ற எண்ணில் மருத்துவ உதவி கேட்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 112. இரண்டையும் கிளம்பும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள்.