ரூட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் எரர் காட்டுகிறதா? முதலில் கரண்டைப் பாருங்கள்

ரூட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் செருகி, வீட்டுக்கே பொதுவாக வைத்திருக்கும் டிஸ்க் ஒரு நாள் மக்கர் செய்யும். ஃபோல்டர் திறக்காது, காப்பி பாதியில் நிற்கும், இல்லையென்றால் "ரீட் ஒன்லி" என்று சொல்லி எழுதவே விடாது. உடனே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஃபார்மட்டும் போடாதீர்கள். கரண்ட், கேபிள், ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை), டிஸ்க்கின் தகடு என நான்கில் எது கெட்டாலும் வெளியே தெரிவது இதே அறிகுறிகள்தான்.

1. ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக்கை எடுங்கள்

பெரும்பாலான ரூட்டர்கள் லாக்கை (நடந்ததையெல்லாம் வரி வரியாகக் குறிக்கும் பதிவு) ரேமில்தான் வைத்திருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் அது அழிந்துவிடும், காரணம் தெரியாமலே போய்விடும். ஓப்பன்டபிள்யூஆர்டி (கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச ரூட்டர் மென்பொருள்) போட்ட ரூட்டர் என்றால் ஸ்டேட்டஸ் மெனுவில் கெர்னல் லாக் இருக்கும், கெர்னல் என்பது அந்த மென்பொருளின் மையப் பகுதி. கம்பெனி ஃபர்ம்வேர் (ரூட்டரோடு வரும் மென்பொருள்) என்றால் "சிஸ்டம் லாக்" என்ற பக்கத்தைத் தேடுங்கள். முழுவதையும் காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துவிட்டுப் படியுங்கள்.

"யூஎஸ்பி டிஸ்கனெக்ட்", "ரீசெட்" என்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு கரண்டிலோ கேபிளிலோ இருக்கிறது. "மீடியம் எரர்", "அன்ரெக்கவர்ட் ரீட் எரர்" என்று வந்தால் தகட்டிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது. வெறும் "ஐ-ஓ எரர்" மட்டும் தெரிந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த வரி எல்லாக் கோளாறுக்கும் வரும். அதற்குச் சற்று மேலே டிஸ்கனெக்ட் இருக்கிறதா, மீடியம் எரர் இருக்கிறதா என்று பாருங்கள். "ரீமவுண்டிங் ரீட் ஒன்லி" என்பது நோய் அல்ல. மேலும் சேதமாகாமல் இருக்கக் கெர்னல் தானே கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான்.

2. கரண்ட்

பலர் தவறவிடும் படி இது. விதிப்படி யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்ப், யூஎஸ்பி 3.0 போர்ட் 900. ஆனால் 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். சுழன்று நிலைத்தபின் அதில் பாதிகூடத் தேவைப்படாது. அதனால்தான் பகலெல்லாம் நன்றாக ஓடும் டிஸ்க், தூங்கி எழும் நேரத்தில் மட்டும் காணாமல் போகிறது.

காதை டிஸ்க்குக்குப் பக்கத்தில் வையுங்கள். விர்ரென்று ஏறி, ஒரு "டிக்" சத்தத்தோடு அடங்கி, மறுபடி ஏறினால் அநேகமாகக் கரண்ட் பற்றாக்குறை. அதே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகும்போது அந்தச் சத்தம் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம். டிஸ்க் சுழலும்போது ரூட்டரே ரீஸ்டார்ட் ஆனால் ரூட்டரின் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் மொத்தம் தருவது 12 வாட். அதில் ரூட்டரும் ஓடி, டிஸ்க்குக்கும் 5 வாட் போனால் மிச்சம் அதிகமில்லை. பழைய அடாப்டரில் கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டால் அதுவும் கிடைக்காது. மாற்றும்போது வோல்ட்டும் பின்னின் துருவமும் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை.

யூஎஸ்பி மீட்டர் இருந்தால் இடையில் செருகிப் பாருங்கள். பெரும்பாலான 2.5 அங்குல டிஸ்க்குகளுக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

தீர்வு, தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். இரட்டைத் தலைக் கேபிளை நான் பரிந்துரைக்க மாட்டேன், இரண்டு தலையையும் ஒரே ரூட்டரில் செருகினால் அதே அடாப்டர்தான் சுமக்கிறது. ஹப்பிலும் ஒரு சோதனை உண்டு: ரூட்டரின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, ஹப் மட்டும் ஆனில் இருக்கும்போது ரூட்டரின் விளக்கு மங்கலாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஹப் பின்பக்கமாகக் கரண்டைத் தள்ளுகிறது, அதைப் பயன்படுத்தாதீர்கள்.

3. கேபிள்

குட்டையான வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். பிறகு ரூட்டர் செட்டிங்கில் யூஎஸ்பி 3.0-ஐ 2.0-ஆக இறக்குங்கள். எரர் நின்றுவிட்டால் கேபிள், போர்ட், அல்லது டிஸ்க் பெட்டிக்குள் யூஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிரிட்ஜ் போர்டுதான் காரணம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் லாக்கில் "யூஏஎஸ்" (யூஎஸ்பி டிஸ்க்கை வேகமாக ஓட்டும் முறை) என்ற சொல்லோடு "அபார்ட்" வரிகள் வந்தால், யூஏஎஸ் பேக்கேஜை மட்டும் நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். வேகம் சற்றுக் குறையும், டிஸ்க் நிற்காமல் ஓடும். 3.0 கேபிளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையையும் கெடுக்கும் என்பதால், வைஃபை அறுபடுகிற வீட்டில் 2.0-இலேயே விட்டுவிடலாம்.

4. ஸ்மார்ட் விவரம்

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்குதான் ஸ்மார்ட். இதை ரூட்டரில் பார்க்க மெனக்கெட வேண்டாம். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகி, விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட் கண்ட்ரோல் திறங்கள். "ஹெல்த்" என்று பச்சையில் தெரிவதை நம்பாமல் இந்த எண்களின் ரா மதிப்பை (டிஸ்க் எண்ணி வைத்த அசல் எண்) பாருங்கள்.

5: கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள் (தகட்டின் சிறு துண்டுகள்). ஏறாமல் ஓரிடத்தில் நின்றால் கண்காணித்தால் போதும், வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள்.
197: படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். பூஜ்ஜியத்தைத் தாண்டினால் உடனே தரவை வெளியே எடுங்கள்.
198: சோதனையிலும் படிக்க முடியாதவை. இதுவும் 197 போலத்தான்.
199: பெட்டிக்குள் பிரிட்ஜ் போர்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான சாட்டா இணைப்பில் வந்த பிழைகள். வெளியே உள்ள யூஎஸ்பி கேபிள் கெட்டால் இது ஏறாது. ஒருமுறை ஏறியது இறங்கவும் செய்யாது, மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டு வீண் பயங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ரா மதிப்பை 16-அடிமான எண்ணில் காட்டும், அங்கே 10 என்றால் 16. சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகியவற்றின் ரா மதிப்பு மலைபோல் தெரியும், அது அந்தக் கம்பெனி எண்ணை எழுதும் முறை.

5. முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

197 பூஜ்ஜியமில்லை என்றால் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு நிரல்) ஓட்டவே கூடாது. குறிப்பாக "ஆர்" சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு செக்டாரையும் படிக்க முயன்று, தளர்ந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் வாட்டும். சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதிலுள்ள டிடி-ரெஸ்க்யூ மூலம் முழு டிஸ்க்கையும் அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மேப் ஃபைல் (எதுவரை நகலெடுத்தது என்று குறிக்கும் ஃபைல்) கட்டாயம் கொடுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அடுத்து புதியது. மாற்றிப் போட்டால் இருந்ததும் அழியும், ஆகவே என்டர் தட்டும் முன் சீரியல் நம்பரைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ரிப்பேரை அந்த நகலில் செய்யுங்கள். ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ் என்றால் விண்டோஸில் செக்டிஸ்க், "எஃப்" மட்டும். எக்ஸ்ட் 4 என்றால் அன்மவுண்ட் செய்துவிட்டு கம்ப்யூட்டரிலேயே ஈ2-எஃப்எஸ்சிகே என்ற லினக்ஸ் சரிபார்ப்பு நிரல். 128 எம்பி ரேம் உள்ள ரூட்டரில் பெரிய டிஸ்க்கைச் சரிபார்க்க முயன்றால் நினைவகம் போதாமல் பாதியில் செத்துப்போகும்.

பிறகு சேர்த்தது: ஸ்மார்ட் சுத்தம், கேபிள் புதிது, ஆனாலும் ரூட்டர் ரீட் ஒன்லி என்கிறதா? டிஸ்க்கை விண்டோஸில் செருகி "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆனில் இருக்கும்போது ஷட்டவுன் செய்து பிடுங்கியிருப்பீர்கள். விண்டோஸ் அதை இன்னும் தன் கையில் வைத்திருப்பதாகவே குறித்திருக்கும். திரும்பச் செருகி, "சேஃப்லி ரிமூவ்" கொடுத்து எடுத்தால் தீர்ந்தது.

6. திரும்ப மாட்டும்போது

ரூட்டரின் தலைமேல் வைக்காதீர்கள், இரண்டின் சூடும் சேரும். ஸ்மார்ட்டில் 194 (டிஸ்க்கின் வெப்பநிலை) ஐம்பது டிகிரியைத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள். டிஸ்க் ரூட்டரிலேயே நிரந்தரமாக இருக்கப்போகிறதென்றால், ஃபர்ம்வேர் ஏற்குமானால் எக்ஸ்ட் 4 போடுங்கள். அதற்கு ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் குறிப்பேடு) உண்டு, கரண்ட் போனாலும் பெரும்பாலும் தாங்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு அது கிடையாது. ரூட்டரின் சிஸ்டம் லாக்கை இந்த டிஸ்க்கில் எழுத வைக்க வேண்டாம். சில நொடிக்கு ஒருமுறை சிறு எழுத்து வந்தால் தகட்டைப் படிக்கும் ஹெட் ஒதுங்குவதும் திரும்புவதுமாக இருக்கும், அதை எண்ணும் 193 கிடுகிடுவென ஏறும். பல 2.5 அங்குல டிஸ்க்குகளுக்கு அதன் வரம்பு 6,00,000. லாக்குக்கு ஒரு சின்னப் பென் டிரைவ் போதும்.