நாட்டுக்காக லான் பவுல்ஸ் ஆட ஆசையா? லீடாகத் தொடங்குங்கள்

புல்தரையில் பந்தை உருட்டி, இலக்கான ஒரு சின்னப் பந்துக்கு அருகில் நிறுத்தும் ஆட்டம் லான் பவுல்ஸ். என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்கள் பலர் வேறு விளையாட்டில் அடிபட்டு வந்தவர்கள். "இனிமேல் இந்தியாவுக்கு ஆட முடியுமா மேடம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். முடியும். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நால்வர் பிரிவில் தங்கம் வென்ற லவ்லி சௌபே ஓட்டப்பந்தயத்தில் இருந்தவர், நயன்மோனி சைகியா பளு தூக்கியவர். காயம்தான் இருவரையும் இந்தப் பக்கம் திருப்பியது.

முதலில் பந்து. சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள், கிளப் பந்துகளில் பழகுங்கள். பந்தின் அகலமான இடத்தைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தால், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும், நடுவிரல்களும் தொட வேண்டும். ஏறத்தாழ அதுதான் உங்கள் அளவு. பந்து நேராக ஓடாது. சின்ன வட்டக் குறி இருக்கும் பக்கமாக வளையும், வேகம் குறையக் குறைய அதிகம் வளையும். குறியை மாற்றிப் பிடித்தால் பக்கத்து ஆட்டத் தடத்துக்கே போய்விடும். அதனால் விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குறியைப் பாருங்கள்.

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்து. ஜாக் என்ற சின்னப் பந்துக்கு, எதிரணியின் சிறந்த பந்தைவிட நெருக்கமாக நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. எல்லோருக்கும் ஸ்கிப், அதாவது அணித் தலைவி, ஆகத்தான் ஆசை. எதிர்க்கோடியில் நின்று கை காட்டுவது, கடைசிப் பந்தில் ஆட்டத்தைத் திருப்புவது எல்லாம் அவர் வேலை. ஆனால் அணிக்குள் நுழைய நல்ல வழி லீடுதான் என்பது என் உறுதியான எண்ணம். பந்து விடுபவர் நிற்கும் சின்ன விரிப்பான மேட்டை (mat) விரிப்பது, ஜாக்கை உருட்டுவது, முதல் பந்தைப் போடுவது எல்லாம் லீட். ஜாக் மேட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எதிரணிக்குக் குட்டை தூரம் பிடிக்கவில்லை என்றால், ஸ்கிப் கேட்ட அந்தத் தூரத்தில் ஜாக்கை நிறுத்தத் தெரிந்த லீடை யாரும் வெளியே உட்கார வைக்க மாட்டார்கள். அதனால் ஜாக் உருட்டுவதையே தனிப் பயிற்சியாகச் செய்யுங்கள். பெரும்பாலானோர் செய்வதே இல்லை.

அப்புறம் டிரா, அதாவது ஜாக்கின் அருகில் மெதுவாக வந்து நிற்கும் பந்து. ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், அதாவது ஒரு பக்கமாகப் போய் வளைவது, மறுபக்கமாகப் போய் வளைவது, இரண்டிலும் வர வேண்டும். குட்டையாக மட்டும் விழக்கூடாது. ஜாக்கைத் தாண்டி ஓரடி நின்றால்கூட, பிறகு யாராவது ஜாக்கைப் பின்னால் தள்ளும்போது அந்தப் பந்து பயன்படும். முன்னால் நின்றால் நம் ஆட்களுக்கே வழிமறிப்பு.

பர்மிங்காம் அரையிறுதியில் நியூசிலாந்திடம் நம் பெண்கள் 0-5 என்று பின்தங்கி, 16-13 என்று வென்றார்கள். இறுதியில் தென்னாப்பிரிக்காவுடன் 10-10 என்று இருந்த ஆட்டம் 17-10 என்று முடிந்தது. ஓர் எண்டில், அதாவது எல்லோரும் பந்துகளைப் போட்டு முடிக்கும் ஒரு சுற்றில், நான்கைந்து புள்ளி போனால் அழுதுகொண்டு வரும் பெண்களிடம் இந்த ஸ்கோர்களைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டில் ஆடும்போது பெரிய சோதனை புல்தரை. சுமார் 27 மீட்டர் போய் நிற்கப் பந்து எடுக்கும் நொடிகளைத்தான் வேகம் என்று கணக்கிடுவார்கள். நொடி கூடினால் தரை வேகம், ஏனென்றால் மெதுவாக விட்ட பந்துகூட நிற்காமல் அவ்வளவு தூரம் உருண்டுபோகிறது. இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு நொடி சாதாரணம், அங்கே பலமாகத் தள்ள வேண்டும். நியூசிலாந்தில் பதினேழுக்கு மேலும் போகும். அங்கே லேசாக விட்டாலே ஓடும், வளைவும் அகலம். போன முதல் நாளே ஸ்டாப்வாட்சில் அளந்து, எவ்வளவு அகலமாகக் குறிவைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

இது ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு, அதனால் வேலையை விடாதீர்கள். தங்கம் வென்றபோது அணியில் லவ்லி போலீஸ், பிங்கி உடற்கல்வி ஆசிரியை. வயதைப் பற்றிப் பயம் வேண்டாம். நியூசிலாந்தின் ஜோ எட்வர்ட்ஸ் காமன்வெல்த் போட்டிகளில் 2002இல் இரட்டையர் தங்கமும், 2014, 2018இல் ஒற்றையர் தங்கமும் வென்றவர். மாநில அணித் தேர்வுக்கு வரும்போது தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு வாருங்கள். எந்த இடம் என்று கேட்டால் தயங்காமல் லீட் என்று சொல்லுங்கள்.