சட்டமன்றக் குழுவுக்கு மனு எழுதுவோர் செய்யும் தவறுகள்

சட்டமன்றக் குழு ராமநாதபுரம் வருகிறது என்று செய்தி வந்தாலே, தொண்டி, திருவாடானைப் பக்கத்து விவசாயிகள் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்துவிடுவார்கள். ஒரு பெரியவர் கொண்டுவந்த தாளில் கண்மாய் தூர்வாரல், மிளகாய் விலை, மகன் பெயருக்குப் பட்டா, வங்கிக் கடன் நான்கும் இருந்தன. தலைப்பு: ‘விவசாயச் சட்டத்தைத் திருத்தக் கோரி’.

வருகிற குழு எது என்று முதலில் பாருங்கள். மதிப்பீட்டுக் குழு செலவைப் பார்க்கும். உறுதிமொழிக் குழு, அமைச்சர் பேரவையில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும். சட்டத்தைத் திருத்துவது இரண்டின் வேலையும் அல்ல. உறுதிமொழிக் குழுவிடம் ‘கண்மாயைத் தூர்வாருங்கள்’ என்று கெஞ்சுவதைவிட, அமைச்சர் எந்தத் தேதியில் அவையில் அதைச் சொன்னார் என்று எழுதுங்கள். அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். மனுக்கள் குழுவுக்கோ ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை, அதுவும் ஊர்ப் பொது விஷயம். பட்டா, கடன், வேலை, கோர்ட்டில் கிடக்கும் வழக்கு எதுவும் அங்கே செல்லாது. பெரியவருக்குக் கண்மாயை மட்டும் வைத்து எழுதிக் கொடுத்தேன். கடன் விஷயம் விடுபட்டதில் அவருக்கு மனத்தாங்கல்தான்.

சட்டமுன்வடிவை, அதாவது மசோதாவை, வரி வரியாக ஆராய்வது தேர்வுக் குழு. பேரவை அனுப்பினால்தான் அது உண்டு. நம் பேரவை அனுப்புவது அபூர்வம். காவிரி டெல்டாவில் எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமுன்வடிவு 2020 பிப்ரவரி 20 அன்று அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. ‘குழுவில் பேசிக்கொள்ளலாம்’ என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு மறுநாள் பேப்பர்தான் மிச்சம். பேச்சு எழும்போதே எம்.எல்.ஏ.வைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சட்டம் நமக்கும் உண்டு என்று துண்டறிக்கை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தெந்தப் பகுதிகளுக்குப் பொருந்தும் என்று சொல்லும் அதன் அட்டவணையைப் படித்திருந்தால் அடித்திருக்க மாட்டார்கள். நம் மாவட்டத்தின் வட எல்லையில் இருக்கும் எஸ்.பி.பட்டினத்துக்கு வடக்கே, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவுடையார்கோவில் ஒன்றியம் அதில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் இல்லை.

இறால் பண்ணையால் கிணறு உப்பேறிவிட்டது என்று பாட்டிலில் தண்ணீரோடு வருகிறவர்களும் சட்டமன்றத்தையே நம்புகிறார்கள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல் நாடாளுமன்றம் இயற்றியது. ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். சட்டம் மாற வேண்டுமென்றால் எம்.பி.யிடம் போக வேண்டும். பக்கத்துப் பண்ணை விதியை மீறுகிறது என்றால் ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்டக் குழுவிடம் பாட்டிலோடு போகலாம்.