ஒரே நாளில் டஸ்கனியின் குன்று நகரங்கள்: வழிகாட்டியுடன் செல்வோர் முன்கூட்டி அறிய வேண்டியவை

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலுள்ள புளோரன்சிலிருந்து காலை எட்டு மணிவாக்கில் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் பலவும் சியேனா, சான் ஜிமிஞானோ, கியாந்தித் திராட்சைத் தோட்டத்தில் மதிய உணவு, கடைசியாகப் பீசா என்று நான்கு பெயர்களை அடுக்குகின்றன. பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். புளோரன்சிலிருந்து சியேனாவுக்கு ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து சான் ஜிமிஞானோவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு பீசாவுக்கும் பீசாவிலிருந்து புளோரன்சுக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று ஐந்து மணி நேரம் இருக்கையிலேயே கழிந்துவிடும். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போனால், மிஞ்சும் ஐந்தரை மணி நேரத்தை மூன்று ஊர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் மதிலுக்கு வெளியேதான் நிற்கும் என்பதால், ஊருக்குள் ஏறி இறங்கும் நேரமும் கழிப்பறை வரிசையும் அந்தப் பங்கிலிருந்தே கழியும். பீசா சமவெளியில் உள்ள ஊர். குன்று நகரம் பார்க்க விரும்புகிறவர் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

ஆகவே, சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஊர்கள் என்று எண்ணாமல், ஒவ்வோர் ஊருக்குள்ளும் காலால் நடக்கக் கிடைப்பது எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். சியேனாவுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமும், சான் ஜிமிஞானோவுக்கு இரண்டு மணி நேரமும் தராத திட்டத்தை நான் ஒதுக்கிவிடுவேன். மூன்றாவதாக ஓர் ஊரைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் மொந்தேரிஜோனி பொருத்தமானது. புளோரன்சுக்கு எதிராகச் சியேனாக்காரர்கள் 1213 முதல் 1219 வரை கட்டிய எல்லைக் கோட்டை அது. பதினான்கு கோபுரங்களுடன் வட்டமாக நிற்கும் அதன் மதிலின் சுற்றளவு 570 மீட்டர்தான் என்பதால், அரை மணி நேரமே போதும். தம் காவியத்தில் நரகத்தின் ஆழத்தில் நிற்கும் அரக்கர்களைக் கவிஞர் தாந்தே இந்தக் கோபுரங்களோடுதான் ஒப்பிட்டார்.

வழிகாட்டி தேவையா என்பது அடுத்த கேள்வி. சியேனா மட்டும் போதும் என்றால் தேவையில்லை. புளோரன்சின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தின் பக்கத்திலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. சான் ஜிமிஞானோவுக்கு ரயில் கிடையாது. பொஜ்ஜிபோன்சி வரை ரயிலில் வந்து, அங்கே பேருந்து மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேருந்துகள் குறைந்துவிடும். இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவருக்குத்தான் சுற்றுலாப் பேருந்து உண்மையில் பயன் தருகிறது.

விளம்பரத்தில் 'வழிகாட்டி' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இத்தாலியில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி வேறு, பயணக் குழுவை அழைத்துச் செல்லும் உடன்பயணி வேறு. பின்னவர் பேருந்தில் ஒலிபெருக்கி பிடித்துப் பொதுவாகப் பேசுவார், நேரம் சொல்வார், ஆள் எண்ணுவார். தேவாலயத்துக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் விளக்கம் தருவது முன்னவரின் வேலை. எனவே முன்பதிவு செய்யும்போது, சியேனாவில் உரிமம் பெற்ற வழிகாட்டி வருவாரா, எவ்வளவு நேரம் உடன் நடப்பார், பேராலய நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்குமா, விளக்கம் எத்தனை மொழிகளில் நடக்கும் என்ற நான்கையும் கேட்டுவிடுங்கள். ஒரே குழுவுக்கு மூன்று மொழிகளில் மாறி மாறிச் சொன்னால், உங்கள் காதுக்கு எட்டுவது மூன்றில் ஒரு பங்குதான்.

நாள் தேர்வும் முக்கியம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாள்களும் சியேனாவில் பாலியோ குதிரைப் பந்தய நாள்கள். அதைக் காணவே வருகிறவரைத் தவிர மற்றவர்கள் அந்நாள்களையும் அவற்றுக்கு முந்தைய ஓரிரு நாள்களையும் தவிர்ப்பது நல்லது. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால், தேவாலயங்களைச் சுற்றிப் பார்க்க அனுமதி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். சான் ஜிமிஞானோவில் வியாழக்கிழமை காலை வாரச்சந்தை கூடும். கூட்டம் பிடிக்காதவருக்கு அது இடைஞ்சல், மற்றவருக்கு வேடிக்கை. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நடைக்கு ஏற்றவை. டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்பதால், கடைசி ஊரை இருளில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சான் ஜிமிஞானோவில் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே பேருந்துகள் மொத்தமாக வந்து குவிகின்றன. பத்து மணிக்கு முன்போ நான்கு மணிக்குப் பின்போ அங்கே சேரும் திட்டம் கிடைத்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். சான் ஜொவான்னி வாயிலில் நுழைந்தால், கடைகள் நிறைந்த ஏற்றம் நேராகக் கிணற்றுச் சதுக்கத்துக்கு, அதாவது பியாட்சா தெல்லா சிஸ்தெர்னாவுக்கு, கொண்டுபோய் விடும். கடைகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ரோமுக்கு நடந்த யாத்திரிகர்களின் பிரான்சிஜெனா பாதை இந்த ஊர் வழியாகச் சென்றதாலும், குங்குமப்பூ வணிகத்தாலும் இங்கே செல்வம் சேர்ந்தது. செல்வம் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கோபுரம் எழுப்பின. எழுபதுக்கும் மேற்பட்டிருந்த அவற்றில் இன்று பதினான்கு நிற்கின்றன. 1348 பெருங்கொள்ளைநோயில் ஊர் பாதியாகத் தேய்ந்து, 1353இல் புளோரன்சின் ஆட்சிக்குள் போனது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் நமக்கு இந்த ஊர் கிடைத்தது. வறுமை காத்துக் கொடுத்த சொத்து இது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே நடந்தால் அது புரியும்.

முழங்கால் ஒத்துழைத்தால் 1311இல் முடிந்த தோரே குரோசா கோபுரத்தின் 218 படிகளை ஏறுங்கள். 54 மீட்டர் உயரத்திலிருந்து பிற கோபுரங்களைக் கீழ்நோக்கிப் பார்ப்பது இங்கு மட்டுமே கிடைக்கும் அனுபவம். ஏற முடியாதவர் ரோக்கா என்னும் இடிந்த கோட்டைக்கு நடக்கலாம். கட்டணமில்லை, கோபுரங்களின் வரிசை முழுதும் எதிரே தெரியும். வழிகாட்டி சதுக்கத்திலேயே குழுவைக் கலைத்துவிட்டால், பெரும்பாலோர் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஊரின் வடகோடியிலுள்ள சாந்த் அகோஸ்தீனோ தேவாலயத்துக்குப் போய்விடுங்கள். பெனோட்சோ கொட்சோலி 1464-65இல் தீட்டிய புனித அகுஸ்தீனின் வாழ்க்கை ஓவியங்களை அங்கே அமைதியாகப் பார்க்க முடியும்.

சியேனாவில் வழிகாட்டியின் பேச்சுக்குப் பயன் அதிகம், ஏனெனில் இங்கே கண்ணுக்குத் தெரியாத செய்திகள் பல. காம்போ சதுக்கத்தின் செங்கல் தரையை வெள்ளைக் கல் கோடுகள் ஒன்பதாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை நகரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியின் நினைவு அது. சதுக்கத்தின் ஓரத்திலுள்ள அரண்மனையில், அந்த ஆட்சியாளர்கள் கூடிய அறையில்தான் அம்புரோஜியோ லொரென்செத்தி 1338-39இல் நல்லாட்சியும் கொடுங்கோலாட்சியும் ஊரை என்ன செய்யும் என்பதை ஓவியமாகத் தீட்டினார். பெரும்பாலான ஒருநாள் சுற்றுலாக்கள் அந்த அரண்மனைக்குள் அழைத்துப் போவதில்லை. கிடைக்கும் தனி நேரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், அரண்மனைக் கோபுரத்தின் ஏறத்தாழ 400 படிகளைவிட இந்த அறையையே நான் பரிந்துரைப்பேன்.

பேராலயத்தின் பக்கத்தில், கூரையில்லாத பெரிய வளைவுகள் வெறுமையாக நிற்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருக்கும் பேராலயத்தையே குறுக்குப் பகுதியாக்கி, அதைவிடப் பெரிய ஒன்றைக் கட்ட 1339இல் தொடங்கினார்கள். 1348 நோயோடு வேலை நின்றது. பேராலயத்தின் பளிங்குத் தரை ஓவியங்கள் ஆண்டின் பெரும்பகுதி மூடியே இருக்கும் என்பதால், திறந்திருக்கும் வாரங்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம். தெருக்களில் நடக்கும்போது சுவர் மூலைகளைக் கவனியுங்கள்: வாத்து, ஆமை, நத்தை, ஆந்தை என்று பொறித்த சிறு பலகைகள் பதினேழு குடியிருப்புப் பிரிவுகளின் எல்லைகளைக் காட்டுகின்றன. பாலியோவில் ஓடுவது அவற்றில் பத்தின் குதிரைகள் மட்டுமே.

அடிப்பகுதி வழுக்காத காலணி கட்டாயம். தேய்ந்த கல் பாவிய சரிவுகள் மழையில் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால், ஒரு மெல்லிய துப்பட்டா கைவசம் இருக்கட்டும். கழிப்பறைக்குச் சில்லறை யூரோ நாணயங்கள் தேவை. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, சதுக்கத்து மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. உணவகச் சீட்டில் 'கொப்பேர்த்தோ' என்று இருப்பது ஆளுக்கு வாங்கும் இருக்கைக் கட்டணம், ஏமாற்று அல்ல. சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவிலேயே எழுதிவிட வேண்டும். தனியாகச் சாப்பிட்டால், கையால் உருட்டிய தடித்த பீச்சி நூடுல்சைப் பூண்டும் தக்காளியும் சேர்த்த 'அல்லியோனே' குழம்போடு கேட்கலாம். பொஜ்ஜிபோன்சியிலிருந்து ஏறும் சாலை வளைந்து வளைந்து போவதால், தலைசுற்றல் உள்ளவர்கள் பேருந்தின் முன்வரிசையில் உட்காருங்கள்.

ரோமில் தங்கியிருப்பவர் டஸ்கனிக்கு ஒரே நாளில் பறந்து வருவதைவிட, ஒர்வியேத்தோ, சிவித்தா தி பாஞோரேஜோ என்னும் இரு குன்று ஊர்களை இணைக்கும் சுற்றுலாவை எடுக்கலாம். ஒர்வியேத்தோவில் 1290இல் தொடங்கிய பேராலயம் இருக்கிறது; கழுதைகள் ஒன்றையொன்று எதிர்ப்படாமல் இறங்கி ஏற இரட்டைச் சுருள் வழியமைத்த, 248 படிகள் கொண்ட புனித பாட்ரிக் கிணறும் இருக்கிறது. சிவித்தாவுக்கு நீண்ட நடைபாலம் ஒன்றே வழி. அதன் இறுதி ஏற்றம் செங்குத்தானது, முதியவர்களுக்குக் கடினம்.

எந்தச் சுற்றுலாவிலும், இறங்கியவுடன் திரும்பி வர வேண்டிய இடத்தைப் படம் எடுத்து, குழுவை அழைத்து வந்தவரின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்துமிடத்துக்குக் கட்டணமும் நேர வரம்பும் உண்டு, அதனால் ஒருவருக்காக நெடுநேரம் காத்திருக்க மாட்டார்கள். சான் ஜிமிஞானோவில் பேருந்தைத் தவறவிட்டால் பதற வேண்டாம்: சான் ஜொவான்னி வாயிலுக்கு வெளியிலிருந்து பொஜ்ஜிபோன்சிக்குச் செல்லும் ஊர்ப்பேருந்தில் ஏறி, அங்கே புளோரன்ஸ் ரயிலைப் பிடிக்கலாம்.