கூண்டு வண்டியில் ஓரிகன் வந்த குடும்பம்: வம்சாவளி தேடும் வழி

கப்பலில் அமெரிக்கா வந்தவர்களுக்குப் பயணிகள் பட்டியல் இருக்கிறது. மாட்டு வண்டியில் மேற்கே போனவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். மிசூரியின் இண்டிபெண்டென்ஸ் ஊரிலிருந்து ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கு வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். 1843இல் ஒரே பருவத்தில் சுமார் 1,000 பேர் கிளம்பினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போய்ச் சேர நான்கு முதல் ஆறு மாதம். யார் போகிறார்கள் என்று பெயர் எழுதி வைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. கூடப் போனவர்களில் யாராவது நாட்குறிப்பு எழுதியிருந்தால் நம் அதிர்ஷ்டம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் குடும்பம் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையோடு யூட்டா போயிருந்தால், 1847 முதல் 1868 வரை எந்த அணியில் யார் வந்தார்கள் என்று அந்தச் சபையே தொகுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அவர்கள் அங்கே போய்விடலாம். மற்றவர்கள் என்னோடு வாருங்கள்.

மதுரைப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகள் கல்யாணம் செய்துகொண்டது ஓரிகன்காரரை. மாப்பிள்ளையின் அம்மா வழியில் முன்னோர் 1847இல் கூண்டு வண்டியில் வந்தவர்கள் என்பது அந்த வீட்டுப் பேச்சு. பேரப்பிள்ளைகளுக்கு என் பக்கத்துக் கதையை நான் சொல்லிவிடுவேன். அந்தப் பக்கத்துக் கதையைச் சேர்த்து வைக்க ஆள் இல்லை, எனக்கோ குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வேலை இல்லை. மற்றவர்கள் வண்டியைத் தேடுவார்கள். பழக்கதோஷம், நான் நிலத்தைத் தேடினேன். அதுதான் சரியான வழி என்று இன்றும் சொல்வேன்.

முதலில் உயிரோடிருப்பவர்கள்

1847க்கு ஒரே தாவாகத் தாவாதீர்கள். இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஒரு தலைமுறைக்குக் காகிதம் கிடைக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. சம்பந்தி அம்மாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் நான் ஆரம்பித்தேன். பைபிள், இறுதிச் சடங்கு அட்டைகள், பின்பக்கம் ஸ்டூடியோ பெயர் அச்சிட்ட புகைப்படங்கள் என்று ஒரு தகரப் பெட்டி நிறைய எடுத்து வைத்தார்.

குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதவென்றே தனிப் பக்கங்கள் இருக்கும். அவற்றைப் படிக்கும் முன் முகப்புப் பக்கத்தில் பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். அச்சானது 1870 என்றும், உள்ளே 1820இல் பிறந்தவர் முதல் எல்லாப் பதிவும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் என்றும் இருந்தால், யாரோ ஒருநாள் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியது அது. பொய்யில்லை; ஆனால் நடந்தபோதே எழுதிய பதிவுக்குள்ள மதிப்பு அதற்கில்லை. பத்திரத்திலும் தேதியைவிட முத்திரைத்தாள் விற்ற தேதியைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர்தான் இந்த வேலையில் பெரிய முட்டுக்கட்டை. கல்யாணமானதும் குடும்பப் பெயர் மாறிவிடும். மூத்த பையன்களின் நடுப்பெயரைக் கவனியுங்கள். அம்மாவின் குடும்பப் பெயரையே பிள்ளைக்கு நடுப்பெயராக வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. அது சான்று ஆகாது, ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும்.

ஓரிகனில் பிறப்பு இறப்பை மாநில அளவில் பதியத் தொடங்கியது 1903இல்தான். அதற்குப் பின் இறந்தவர்களின் சான்றிதழில் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் இருக்கும். தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தையும் படியுங்கள். மாமனாரின் அம்மா பெயரை மருமகன் சொல்லியிருந்தால் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், பேனாவால் வேண்டாம்.

பிள்ளைகள் பிறந்த ஊர்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1950 வரை திறந்துவிட்டார்கள். 72 ஆண்டு கழித்துத்தான் வெளியிடுவார்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். 1890ஆம் ஆண்டுக் கணக்கு 1921இல் நடந்த தீ விபத்தால் அநேகமாக முழுதும் போய்விட்டது, தேடாதீர்கள். 1880இலிருந்துதான் குடும்பத் தலைவருக்கு இன்னார் என்ன உறவு என்று எழுதினார்கள். 1850, 1860, 1870 கணக்குகளில் பெயர், வயது, பிறந்த மாநிலம் இருக்கும், உறவு இருக்காது. ஒரே வீட்டில் இருக்கும் சின்னப் பையன் மகனா, அண்ணன் மகனா, வேலைக்கு வந்தவனா என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. 1850க்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

எனக்குப் பிடித்தது 1850ஆம் ஆண்டுக் கணக்குதான். எங்கள் குடும்பத்தில் மூத்த இருவர் கென்டக்கியில் பிறந்தவர்கள், அடுத்தவள் இந்தியானா, அடுத்த மூவர் மிசூரி, கைக்குழந்தை ஓரிகன். அப்பா அம்மா ஒரு வரி எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் நடந்த பாதை பிள்ளைகளின் பிறப்பிடத்தில் கிடக்கிறது. மிசூரியில் பிறந்த கடைசிப் பிள்ளையின் வயதுக்கும் ஓரிகனில் பிறந்த முதல் பிள்ளையின் வயதுக்கும் நடுவில்தான் வண்டி ஓடியது. அந்த இடைவெளியை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இனி கேட்கும் எல்லாக் கதையும் அதற்குள் அடங்க வேண்டும்.

கறுப்பினக் குடும்பமாக இருந்தால் இந்தத் தேடல் வேறு மாதிரி. 1850இல் அடிமைகளைத் தனிப் பட்டியலில் வயது, பால், நிறம் என்று எழுதினார்களே தவிரப் பெயர் எழுதவில்லை. ஓரிகனிலோ 1844இலேயே கறுப்பினத்தவர் குடியேறத் தடைச்சட்டம் வந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த ஜார்ஜ் புஷ் என்ற வசதியான கறுப்பின விவசாயி அதனாலேயே வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் போய்க் குடியேறினார். இப்படிப்பட்ட குடும்பங்களை ஓரிகன் ஏடுகளில் மட்டும் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

நிலம்

1850 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நிலக்கொடைச் சட்டம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1க்குள் ஓரிகனில் குடியேறியிருந்த, 18 வயதைத் தாண்டிய ஆணுக்கு 320 ஏக்கர். மணமானவர் என்றால் 640 ஏக்கர். அதில் பாதி மனைவியின் சொந்தப் பெயரில். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு இதில் பாதி. நான்கு ஆண்டு குடியிருந்து உழுதால் நிலம் இலவசம். 1850இல் பெண் பெயரில் 320 ஏக்கர்! நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட அப்படிப் பத்திரம் அபூர்வமாகத்தான் வரும்.

நமக்கு ஏக்கர் முக்கியமில்லை, அதைப் பெற அவர்கள் கொடுத்த காகிதங்கள் முக்கியம். பிறந்த ஆண்டும் இடமும், ஓரிகன் வந்து சேர்ந்த நாள், அந்த நிலத்தில் குடியேறிய நாள், மணமான தேதியும் ஊரும், மனைவி பெயர், அக்கம்பக்கத்தார் கொடுத்த பிரமாண வாக்குமூலம். வேறெங்கும் ஒரே கோப்பில் இவ்வளவு சேர்ந்து கிடைக்காது.

வழி இது. கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை, பழைய பொது நில அலுவலக ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மாநிலமும் குடும்பப் பெயரும் கொடுத்துத் தேடினால் உரிமைப் பட்டயம் கிடைக்கும். பலர் அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டயம் நம் ஊர்ப் பட்டா மாதிரி. யாருக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அதிலிருந்து சான்றிதழ் எண், நில அலுவலகம் ஓரிகன் சிட்டியா ரோஸ்பர்கா என்ற விவரம், டவுன்ஷிப், ரேஞ்ச் (சர்வே கட்டத்தில் நிலம் எங்கே என்று காட்டுபவை), கிளெய்ம் எண் (அவர் உரிமை கோரிய நிலத்தின் எண்) எல்லாம் குறித்துக்கொண்டு உள்ளே இருக்கும் கோப்பைத் தேட வேண்டும். மூலக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எம்815 என்ற நுண்பட (மைக்ரோஃபிலிம்) தொகுப்பாகவும் கிடைக்கும். போர்ட்லண்டில் உள்ள ஓரிகன் வம்சாவளி மன்றம் இந்தக் கோப்புகளின் சாரத்தைப் பல தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. முதலில் அதில் பெயரைப் பார்த்துவிட்டுக் கோப்புக்குப் போவது சுலபம்.

வரைபடத்தில் குழப்பம் வரும். ஒரு டவுன்ஷிப் ஆறு மைல் சதுரம், 36 பிரிவுகள். இவர்களோ 1851இல் சர்வே தொடங்கும் முன்பே குடியேறி, ஓடையையும் ஓக் மரத்தையும் எல்லையாக வைத்துக்கொண்டவர்கள். அதனால் இந்த நிலங்கள் கோணல்மாணலாக இருக்கும். பிரிவு எண்ணோடு கலந்துவிடாதபடி கிளெய்ம் எண்ணை 37இலிருந்து கொடுத்தார்கள்.

செக்குபந்தியை விடாமல் படியுங்கள். வடக்கே யார், கிழக்கே யார், சாட்சிக் கையெழுத்து யார் எல்லாம் தனித் தாளில் எழுதுங்கள். சாட்சி சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூட வண்டி ஓட்டி வந்தவர்கள், பழைய ஊர்க்காரர்கள். பக்கத்து நிலத்துக்காரர் மனைவியின் அண்ணனாகவே இருப்பதும் உண்டு. பிறந்த வீட்டுப் பெயர் தெரியாத பெண்களை இப்படித்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

1851 இலையுதிர் காலத்துத் திருமணம் கண்ணில் பட்டால் அதில் காதல் கதை தேடாதீர்கள். 1850இல் மணமாகாதவராக இருந்தவர் ஓராண்டுக்குள் மணந்தால் முழு 640 ஏக்கர் உண்டு என்றது சட்டம். 1851 டிசம்பர் 1 கெடு. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளைக் கட்டிவைத்தார்கள். மணப்பெண்ணின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாவட்டமும் மாறும். 1843இல் மொத்தமே நான்கு மாவட்டங்கள். பிறகு அவற்றைக் கவுண்டி என்றார்கள். லின் கவுண்டி 1847இல்தான் சாம்போயெக்கிலிருந்து பிரிந்தது. சாம்போயெக்கே 1849இல் மேரியன் ஆனது. தாய்க் கவுண்டி ஏட்டையும் பாருங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு கலப்பூயா என்ற பழங்குடி மக்களின் மண். அவர்களோடு ஒப்பந்தம் முடியும் முன்பே அரசு நிலத்தைக் கொடுத்துவிட்டது. 1855இல்தான் ஒப்பந்தம், 1856இல் அவர்களை கிராண்ட் ரோண்ட் என்ற பழங்குடி ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். “இதெல்லாம் வம்சாவளியில எதுக்கும்மா?” என்றாள் மகள். “மூலப்பத்திரம் பாக்காம யாராவது கிரயம் எழுதுவாங்களாடி?” என்றேன். எழுதிச் சேர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் வண்டி

நிலக் கோப்பில் வந்த ஆண்டு உறுதியானதும் குடும்பக் கதைகளைச் சோதிக்கலாம். 1844இல் ஹூட் மலையைச் சுற்றி வண்டியிலேயே வந்தார்கள் என்று யாராவது சொன்னால் நடந்திருக்க முடியாது. அந்த மலையைச் சுற்றி வரும் பார்லோ பாதை திறந்தது 1846இல். அதற்கு முன் டேல்ஸ் என்ற இடத்திலிருந்து தெப்பத்திலும் படகிலும் கொலம்பியா ஆற்றோடு இறங்கினார்கள். 1845இல் ஸ்டீபன் மீக் காட்டிய குறுக்கு வழியில் வழிதவறித் தவித்த கூட்டத்தில் எங்கள் தாத்தாவும் இருந்தார், நீல வாளி நிறையத் தங்கம் பார்த்தார் என்ற கதையையும் கேட்பீர்கள். சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, வந்த தேதியை மட்டும் சரிபாருங்கள்.

வழியில் ஒரு மனைவி காணாமல் போய், ஓரிகனில் வேறொரு பெயர் வந்தால் காலராவை நினையுங்கள். 1849 முதல் 1852 வரை மிகக் கொடுமை. புதைத்த இடம் தெரியாமலிருக்க அதன்மேலேயே வண்டிகளை ஓட்டிப் போனதுண்டு. கல்லறை தேடி வழியிலுள்ள வயோமிங் வரை போக வேண்டாம்.

ஓரிகன் முன்னோடிகள் சங்கம் 1873இல் தொடங்கி ஆண்டறிக்கை போட்டது. நாளிதழ் இரங்கல் குறிப்புகளுக்கு ஓரிகன் பல்கலைக்கழகத்தின் இலவசத் தொகுப்பு உண்டு. பெண்களைக் கணவர் பெயரோடு ‘மிஸஸ்’ சேர்த்தும் தேடுங்கள். வந்த ஆண்டை மட்டும் இவற்றிலிருந்து எடுக்காதீர்கள். முந்தி வந்தவர்களுக்கு மரியாதை அதிகம் என்பதால், வயதாக ஆக வந்த ஆண்டும் ஓரிரண்டு பின்னால் நகரும். எங்கள் பெரியவர் இரங்கல் குறிப்பில் 1845. அவரே 1850களில் சத்தியம் செய்து கொடுத்த காகிதத்தில் 1847.

இனி கிழக்கே திரும்புங்கள். 1847 வசந்தத்தில் கிளம்பியவர் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பண்ணையை விற்றிருப்பார். மிசூரி கவுண்டி பதிவாளரிடம் அந்தக் கிரயம் இருக்கும். கணவருக்குப் பின் மனைவிக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக அவளும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பாள். பலர் மிசூரியின் வடமேற்கு மூலையில், 1836இல் பழங்குடியினரிடமிருந்து வாங்கிய பிளாட் பகுதிக் கவுண்டிகளிலிருந்து கிளம்பியவர்கள்; எங்கே என்று தெரியாதவர்கள் அங்கே தொடங்கலாம்.

இணையத்தில் மற்றவர்கள் போட்ட வம்ச மரங்களைக் கடைசியில் பாருங்கள். ஒருவர் எழுதியதை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். டிஎன்ஏ சோதனை நல்லதுதான். ஆனால் ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து சராசரியாக நம்மிடம் இருப்பது 3 சதவீதம். காகிதம் சொன்னதை உறுதிப்படுத்தத்தான் அது. உயிரோடிருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் பொதுவில் போடாதீர்கள்.

ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக. மனைவி பெயரை வைத்துப் பிரியுங்கள். மனைவி பெயரும் மேரி, அந்த வீட்டிலும் மேரி என்றால் கிளெய்ம் எண்ணையும் செக்குபந்தியையும் வைத்துப் பிரியுங்கள். நான் இப்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.