மேடைப் பாடல் வரிசை: புதிய பாட்டை வெட்டுவதற்கு முன்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் ராக் குழு அமைத்துக்கொண்டு என்னிடம் ஒத்திகைக்கு வருகிறார்கள். கை நன்றாக ஓடுகிறது, குரலும் இருக்கிறது. ஆனால் கச்சேரிக்குப் பாடல் வரிசை எழுத உட்கார்ந்தால், எங்கள் காலத்துக் குழுக்கள் செய்து நொந்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். சுருதி சேர்க்காமல் மேடை ஏறுவது, கேபிளை வீட்டில் மறந்துவிட்டு வருவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை மாட்டிக்கொண்டால் அவை தாமாகவே சரியாகிவிடும். யாராவது எடுத்துச் சொன்னால்தான் திருந்தும் என்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே சுருதியில் மூன்று பாடல்களை அடுக்குவது

பாடகருக்கு வசதியான சுருதி என்று மூன்றையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். மூன்றாவது பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் ஏற்கெனவே கேட்டதுபோலவே ஒலிக்கும். வேகத்துக்கும் இது பொருந்தும். வேலூரில் சித்திரை வைகாசியில் திறந்தவெளி மேடை என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. சூட்டில் கம்பி விரிந்து கிட்டாரின் சுருதி இறங்கிவிடும். அதைச் சரிசெய்ய நேரம் வேண்டும். கீபோர்டும் குரலும் மட்டும் தொடங்கிவைக்கும் ஒரு பாட்டை நடுவில் வைத்தால், கூட்டத்துக்குத் தெரியாமலே கிட்டாரைத் திருத்திக்கொள்ளலாம்.

மூத்த குழுக்களைப் பார்த்துப் புதிய பாட்டை நீக்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பையன் பாலாற்றைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். மணல் அள்ளிய பள்ளங்கள், தோல் தொழிற்சாலைக் கழிவு, மழைக்காலத்தில் மட்டும் வந்து போகும் தண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. இந்த ஊரில் பிறந்தவன் மட்டுமே எழுதக்கூடிய பாட்டு. கல்லூரி விழாவில் வாசித்தார்கள், கைதட்டல் குறைவு. பிறகு குடியாத்தத்தில் வாசித்தார்கள். கூட்டம் பேசாமல் நின்றது. அடுத்த கச்சேரியின் வரிசையில் அந்தப் பாட்டைக் காணோம். ஏன் என்று கேட்டேன். கிட்டார் வாசிப்பவன் கைபேசியை நீட்டினான். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு 2025-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தின் பாடல் வரிசை அதில் இருந்தது. 1980 முதல் 1992 வரை வந்த முதல் ஒன்பது ஆல்பங்களின் பாடல்கள் மட்டும். "அவர்களே புதியதை விட்டுவிட்டார்கள் சார், நாங்கள் எதற்காகப் பிடித்துத் தொங்க வேண்டும்?" என்றான்.

அந்த வரிசை, குழுவின் ஐம்பதாண்டு நிறைவுக்கென்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அமைத்தது. இதே குழு 2006-இல் என்ன செய்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பம் வெளிவந்த கையோடு, அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே மேடையில் வாசித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் புதிய பாடல்களே. பழையதைக் கேட்க வந்த ரசிகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது புதியவற்றின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள். ஆனாலும் நிகழ்ச்சி தொடங்கியது புதிய ஆல்பத்தின் பாட்டோடுதான். 2023 சுற்றுப்பயணத்திலும் 2021-இல் வந்த ஆல்பத்தையும் 1986-இல் வந்த ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு வந்தவர்கள் ஒரு சுற்றில் பழையவற்றை மட்டும் வாசித்தால், அதை எடுத்துக்காட்டாகக் காட்டலாமா?

அவர்கள் 1992-இல் வெளியிட்ட 'ஃபியர் ஆஃப் தி டார்க்' இன்று மைதானம் முழுவதும் சேர்ந்து பாடுகிற பாட்டு. வெளிவந்த ஆண்டில் அதுவும் புதிய பாட்டாகத்தான் இருந்தது. ஆண்டுக்கணக்காக அதை மேடையிலிருந்து இறக்காமல் வைத்திருந்ததால்தான் கூட்டம் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

மூத்த குழுக்கள் புதியவற்றைக் குறைப்பதற்கு அவர்களுக்கே உரிய காரணங்கள் உண்டு. அயர்ன் மெய்டன் என்றால் பதினேழு ஆல்பங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குப் பாடல்களைப் பொறுக்க வேண்டும். எதை வைத்தாலும் யாராவது ஒருவருடைய பாட்டு விடுபடும். டிக்கெட் விலையும் பெரிது. இளமையில் கேட்ட பாட்டை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும் என்று வருகிறவர்களே அதிகம். மேடை விளக்குகளும் திரைக்காட்சியும் வாணவேடிக்கையும் ஒவ்வொரு பாட்டோடும் கோத்துக் கட்டப்பட்டிருப்பதால், ஒரு பாட்டை மாற்றினால் மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மறுபடி ஒத்திகை பார்க்க வேண்டும். இன்னொரு மூத்த பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2023-இல் சொந்தப் பாடல்களோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அந்த ஆல்பத்தின் பெயரிலேயே 2024-இல் சுற்றுப்பயணம் போனார்கள். அப்போதும் ஓர் இரவில் அதிலிருந்து சில பாடல்கள்தான் மேடை ஏறின. என்னைக் கேட்டால் அதுவும் குறைவுதான். ஆனால் அவர்களால் அப்படிச் செய்ய முடியும். அறுபது ஆண்டுப் பாடல்கள் கையிருப்பில் இருக்கின்றன. உங்களிடம் இருப்பவை நான்கு சொந்தப் பாடல்கள். மற்றவை எல்லாம் பிறருடையவை.

எல்லா மூத்தவர்களும் அப்படி இல்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 2020-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். மறு ஆண்டு, எண்பது வயதில் பயணம் கிளம்பி, அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை இரவுதோறும் பாடினார். தன்னைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பாடல்கள் பலவற்றை வரிசையில் சேர்க்கவே இல்லை. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 2023 முதல் பல ஊர்களில் இரண்டு இரவுகள் வாசித்து, முதல் நாள் வாசித்த எதையும் இரண்டாம் நாள் திரும்ப வாசிக்காமல், புதிய ஆல்பத்துக்கும் இடம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பையனின் கைபேசியில் இவையெல்லாம் வரவில்லை. தான் நினைத்ததற்கு ஆதரவாக இருந்த ஒன்று மட்டும் வந்தது.

குடியாத்தத்துக்குத் திரும்ப வருகிறேன். அங்கே கூட்டம் கைதட்டவில்லை என்பது உண்மை. அதே கூட்டம் கலைந்தும் போகவில்லை. பிடிக்காத பாட்டு என்றால் நம் ஊரில் ஆட்கள் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள், பக்கத்தில் நிற்பவரோடு பேச ஆரம்பிப்பார்கள். அன்று இரண்டும் நடக்கவில்லை. தெரியாத பாட்டைக் காது கொடுத்துக் கேட்கிறவர் அசையாமல்தான் நிற்பார். இதைப் படிக்கத் தெரியாமல் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். பாட்டை வைத்த இடமும் தவறு. எல்லாரும் ஆடிக்கொண்டிருந்த வேகமான திரைப்பாடல் முடிந்த அடுத்த நொடியில், மெதுவாகத் தொடங்கும் இந்தப் பாட்டை வைத்திருந்தார்கள். புதிய பாட்டுக்கு ஏற்ற இடம் மூன்றாவது அல்லது நான்காவது. எல்லாருக்கும் தெரிந்த, வேகத்தில் அதற்கு நெருக்கமான ஒரு பாட்டு முன்னால் இருக்க வேண்டும். அங்கே வைத்து, ஒரு திருவிழாப் பருவம் முழுவதும் விடாமல் வாசியுங்கள். பல்லவி இரண்டாம் முறை வரும்போது முன்வரிசையைப் பாருங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் வெட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

அந்தப் பாட்டை எடுத்தபின் டிரம்ஸ் வாசிக்கும் பையன் புதிதாக எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. சில மாதங்கள் கழித்துச் சென்னையில் ஒரு நிகழ்ச்சிக்கு, அரைமணி நேரம் சொந்தப் பாடல் வைத்திருக்கும் குழுக்களைக் கேட்டார்கள். இவர்களால் விண்ணப்பிக்கவே முடியவில்லை.

"புதுப் பாட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பது

வேண்டாம். பாட்டின் பெயரைச் சொல்லுங்கள், தொடங்குங்கள்.

இரண்டு புதிய பாடல்களை அடுத்தடுத்து வைப்பது

ஒன்றை மற்றொன்று அடித்துவிடும்.

நேரம் குறையும்போது மேடையில் நின்று முடிவெடுப்பது

ஏழு மணிக்கு மேடை என்று விழாக் குழுவினர் சொல்வார்கள். சிறப்பு விருந்தினர் வருவார், பொன்னாடை போர்த்துவார்கள், பேச்சு நீளும். நீங்கள் ஏறும்போது மணி எட்டரை. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டத்தில் தடை இருப்பதால் பின்னால் நீட்டிக்கவும் வழியில்லை. அந்த அவசரத்தில் யாரும் சொல்லாமலே முதலில் வெட்டுப்படுவது சொந்தப் பாட்டுதான். ஆகையால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு வரிசை எழுதிக்கொள்ளுங்கள்: முழு நேரத்துக்கு ஒன்று, பாதி நேரத்துக்கு ஒன்று. பாதி நேர வரிசையிலும் சொந்தப் பாட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஒன்ஸ்மோர் கேட்பார்கள் என்று காலியிடம் விடாதீர்கள். கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒலியமைப்பாளருக்கு வரிசையைக் கொடுக்காமல் இருப்பது

பெரிய எழுத்தில் எழுதி, அவருடைய ஒலி மிக்ஸர் மேல் நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள். புதிய பாட்டின் எதிரே யார் குரல் முன்னால் வர வேண்டும் என்பதையும் குறித்துவிடுங்கள். மற்ற பாடல்கள் அவருக்கு மனப்பாடம். இதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கப்போகிறார்.